லித்தியம் பேட்டரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

குடியாத்தம் வாசகி: இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி வாங்கப் போகிறோம். பழைய இன்வெர்ட்டரே போதுமா?

முதலில் அதில் லித்தியத்துக்கான செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கம்மா. 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் வரிசையாக நான்கு செல்கள். ஒரு செல்லுக்கு உச்சவரம்பு 3.65 வோல்ட், மொத்தம் 14.6. ஆசிட் பேட்டரிக்காகச் செய்த சில சார்ஜர்கள் ஈக்குவலைஸ் செய்யும்போது, அதாவது செல்களைச் சமப்படுத்த வேண்டுமென்றே வோல்டேஜைக் கூட்டும்போது, 15-ஐத் தாண்டிவிடும். பேட்டரிக்குள் காவலாக இருக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட், அளவு மீறினால் துண்டித்துத் தடுக்கும்தான். அதற்காகத் தினமும் அதனோடு மல்லுக்கட்ட விடக் கூடாது.

ஆம்பூர் வாசகர்: கொச்சியில் என் மைத்துனர் பாய்மரப் படகு வைத்திருக்கிறார். அதில் லித்தியம் போடலாமா? தீப்பிடிக்காதா?

பாலாற்றங்கரையிலிருந்து படகுக் கேள்வி! சரி, வந்ததே சந்தோஷம்.

அயர்ன் பாஸ்பேட் ரகம் என்றால் தாராளமாகப் போடலாம். மற்ற லித்தியம் ரகங்களைவிட அது சூடு தாங்கும். கடலில் எனக்குப் பெரிய பயம், கரண்ட் திடீரென்று போவதுதான். எஞ்சின் ஓடி சார்ஜ் ஏறும்போது ஏதோ கோளாறில் பி.எம்.எஸ். பேட்டரியைத் துண்டித்தால், எஞ்சினோடு சுழன்று கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் வரும் கரண்டுக்குப் போக இடமில்லை. வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டரின் டையோடு போய்விடும், ரேடியோ, ஜி.பி.எஸ். கூடச் சேர்ந்து போகலாம். இன்னொன்று, லித்தியம் கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் மூச்சுவிடாமல் உழைத்துக் கருகும்.

அதனால் ஆல்டர்னேட்டரை எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் ஆசிட் பேட்டரியோடு விட்டுவிட்டு, அங்கிருந்து டி.சி.-டி.சி. சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு அளவாக ஏற்றும் கருவி) வழியாக லித்தியத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே கிளாஸ்-டீ ஃபியூஸ் (பெரிய ஷார்ட் கரண்டையும் முழுசாக அறுத்துவிடும் ரகம்) வேண்டும். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதா ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் பொறி தாவிக்கொண்டே இருக்கும். படகு சாய்ந்து ஓடும், ஆகவே பட்டை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். எஞ்சின் அறைச் சூட்டில் மட்டும் வைக்க வேண்டாம்.

காட்பாடி வாசகர்: ஸ்கூட்டரை ராத்திரி வீட்டுக்குள் சார்ஜ் போடலாமா?

வேண்டாம். 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். படிக்கட்டுக்கு அடியிலும் வேண்டாம், தப்பிக்கிற வழியே அதுதான். மே மாத வெயிலில் ஓட்டி வந்த வண்டியை அரைமணி நேரமாவது ஆறவிட்டுப் போடுங்கள். போன வாரம் ஒருவர் 6 ஆம்பியர் பிளக் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் பழுப்பேறி, பொரித்த அப்பளம் போலச் சுருண்டிருந்தது. பேட்டரிமேல் ஒரு குறையும் இல்லை. ஓட்டை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் கோளாறு.

ஆரணி வாசகர்: உப்பிப்போன பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை விடலாமா?

ஐயோ, தொடாதீர்கள்! உள்ளே இருப்பது எரியும் வாயு. சார்ஜ் போடாமல், வெட்டவெளியில் நிழலாக வைத்துவிட்டு, விற்ற கடைக்கே போன் போடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிக்குத் தயாரிப்பாளர்தான் பொறுப்பு. பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.