பழைய வழக்கு, புதிய வேலை: படிவத்தில் என்ன எழுதுவது?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி 2019இல் ஓர் அடிதடி வழக்கில் புதுக்கடை நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆறு மாதச் சிறை, ஐந்து வருடங்களுக்கு ஒத்திவைப்பு. அந்தக் காலமும் முடிந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் ஒரு பாஸிடம் நின்று வாகன ஏசி வேலை பழகியவர். ஒரு நிறுவனம் பொலிஸ் அறிக்கை கேட்டதும் அந்தப் பக்கமே போகாமல் விட்டார். இன்னொன்றில் மறைத்துச் சேர்ந்தார். மூன்றாம் மாதம் தெரியவந்து நிறுத்திவிட்டார்கள். “சிறைக்கே போகவில்லையே, 'இல்லை' என்று எழுதினால் என்ன? இந்தப் பதிவை அழிக்க முடியாதா?” என்று கேட்கிறார்.

'இல்லை' என்று எழுத வேண்டாம், அக்கா. நீதவான் ஒத்திவைத்தது சிறைவாசத்தைத்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது. அபராதம் கட்டி முடித்த வழக்கும் இப்படித்தான். 'காசு கட்டினேன், முடிந்தது' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, இல்லாத குற்றத்தைச் சுமப்பவர்களும் உண்டு. சுற்றிவளைப்பில் பிடிபட்டு இரண்டு நாள் பொலிஸில் இருந்ததை நினைத்தே படிவத்தின் முன் கை நடுங்குகிறவர்களை நம்மவர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கே போடாமல் விடப்பட்டவர் குற்றவாளி அல்லர். நீதிமன்றம் விடுதலை செய்தவரும் அல்லர். சட்டம் இடம்தரும் சிறு குற்றங்களில் இரு தரப்பும் நீதிமன்றத்தில் சமாதானமாகிவிட்டால் அதுவும் விடுதலைக்குச் சமம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி, குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமலே எச்சரித்து அல்லது நிபந்தனை விதித்து நீதவான் விடுவிக்கலாம். அப்படி விடுவிக்கப்பட்டவரும் 'குற்றவாளியாகக் காணப்பட்டீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றே எழுதலாம். ஆனால் சில படிவங்கள் கைதையும் நிலுவையில் உள்ள வழக்கையும் சேர்த்துக் கேட்கும். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பதிவை அழிப்பது பற்றி: பிரித்தானியாவில் 1974ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, குறிப்பிட்ட காலம் கழிந்தால் பல பழைய குற்றங்களை வேலைக்குச் சேரும்போது சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. 'கிளியர் பண்ணித் தருகிறேன்' என்று காசு கேட்கிற தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சரி, செய்யக்கூடியது என்ன? சட்டத்தரணி மூலம் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றை எடுங்கள். வசதியில்லை என்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 'அடிதடி வழக்கு' என்று வாயால் கேட்கும் முதலாளி தன் கற்பனையில் கத்தியையே பார்ப்பார். எந்தப் பிரிவு, என்ன தண்டனை, எந்தத் திகதி என்று தாளில் பார்த்தால் விஷயம் அதன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

எப்போது சொல்வது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். படிவம் கேட்டால் அங்கேயே எழுத வேண்டும். கேட்காவிட்டால், நேர்முகத்தில் வேலையைப் பற்றிக் கதைத்து முடிந்த பிறகு, பொலிஸ் அறிக்கை கேட்பதற்கு முன், தானாகவே சொல்வது நல்லது. நீளமாக வேண்டாம். “சேர், 2019இல் ஒரு சண்டையில் மாட்டினேன், குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஒத்திவைத்த தண்டனை, அந்தக் காலமும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வழக்கும் இல்லை. இதோ பிரதி.” அவ்வளவுதான். எதிராளிதான் முதலில் அடித்தான் என்ற கதையை ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும். சிலர் அப்போதும் மறுப்பார்கள். அதைத் தடுக்கத் தனிச்சட்டம் இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டே எடுத்தவர், மூன்றாம் மாதம் 'மறைத்துவிட்டாய்' என்று வெளியேற்ற முடியாது.

கிராம சேவகரின் நற்சான்றிதழிலும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவரா என்று ஒரு வரி உண்டு. அவரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தம்பியின் பலம் அவருடைய கைவேலை. அதற்கு ஒரு தாள் வேண்டும். வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களின் திறமையைச் சோதித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்பார்கள். ராஜகிரியவிலுள்ள நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். பாஸிடமும் எத்தனை வருடம் நின்றார், என்ன வேலை செய்தார் என்று ஒரு கடிதம் வாங்குங்கள்.

விண்ணப்பிக்கும்போது வங்கி, பாதுகாப்புச் சேவை, அரச வேலை என்று அலைய வேண்டாம். அங்கெல்லாம் பின்னணியைத் துருவிப் பார்ப்பார்கள். முதலாளியே பட்டறையில் நிற்கும் சிறிய கராஜ்கள்தான் முதலில். 'ஒரு கிழமை வேலை செய்து காட்டுகிறேன்' என்று கேட்க அங்கேதான் இடமுண்டு. ஆனால் அந்தக் கிழமைக்கும் சம்பளம் பேசிக்கொள்ளட்டும்.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் யோசனை இருந்தால், ஏஜென்சிக்கு முற்பணம் கட்டுமுன் பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அதில் என்ன வருகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு காசு கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம்.