அகில் யாருடைய வாசனை?

அன்புள்ள ஐயா,

துபாயிலிருந்து வந்த மைத்துனர் ஊது அத்தர் ஒரு சின்னக் குப்பி கொடுத்தார். தடவியதும் மாட்டுத்தொழுவ வாடை, அப்புறம் கரிப்புகை. இது போலிதானே? நம் சந்தனம் இருக்கும்போது இந்த அரபு வாசனை நமக்கு எதற்கு?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

போலியா அசலா என்று குப்பியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் தொழுவ வாடை வந்ததால் போலி என்று முடிவுகட்டாதீர்கள். ஊது என்பது நம் அகில்தான். அசாமில் அகில் கட்டையைச் சிறு துண்டுகளாக்கி, வடிப்பதற்கு முன் நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில், தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அது புளித்து, அந்த வாடை எண்ணெயோடு வந்துவிடும். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அது அடங்கி மரத்தின் மணம் வெளியே வந்திருக்கும். நீங்கள் பொறுத்திருக்க மாட்டீர்கள், உடனே சோப்புப் போட்டிருப்பீர்கள்.

'அரபு வாசனை' என்று எழுதியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாலைவனத்தில் அகில் மரம் ஏது? அசாமிலும் கம்போடியாவிலும் வியட்நாமிலும் இந்தோனேசியத் தீவுகளிலும் வளர்கிற மரம் அது. அரபிகளும் நம்மைப் போல வாங்கியவர்கள்தான். சிலப்பதிகாரம் காரகிலைக் குணதிசைச் சரக்கு, அதாவது கிழக்கிலிருந்து வருவது, என்றே சொல்கிறது. மதுரைக்குக் கீழ்க்காற்றோடு வந்த கப்பல் சரக்கை அடுக்கும்போது, துகிலுக்கும் கர்ப்பூரத்துக்கும் முன்னால் நிற்பது அகில். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளகில் வேறு மரம், அதை இதோடு குழப்ப வேண்டாம். நம் முன்னோர் கூந்தலுக்குப் புகையூட்டிய ஒன்றை, அத்தர் குப்பியில் வந்ததற்காக அந்நியம் என்கிறீர்களே!

சந்தனத்தோடு ஒப்பிடுவதும் சரியில்லை. சந்தனத்துக்கு மணம் இயல்பு. நோயில்லாத அகில் மரத்தை வெட்டினால் வெளிறிய, லேசான, வாசமில்லாத கட்டைதான் கிடைக்கும். புழு துளைத்து, அந்தத் துளை வழியாகப் பூஞ்சை இறங்கினால்தான் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கும், அது ஆண்டுக்கணக்கில் ஊறிக் கட்டை கறுக்கும், நல்ல கட்டை தண்ணீரில் மூழ்கும். எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறதென்று வெளியே எளிதில் தெரியாததால் கண்டதையெல்லாம் வெட்டினார்கள். 1995-ல் அசாம் அகிலை, அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்க வேண்டிவந்தது. 2002-ல் இவ் சான் லோரான் நிறுவனத்தின் எம்7 என்ற வாசனைத் திரவியம் வந்த பிறகு ஐரோப்பாவுக்கும் ஊது மோகம் பிடித்தது. இன்று கடைகளில் ஊது என்று விற்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருப்பது ஆய்வுக்கூடத்தில் சேர்த்த மணம். மரம் பிழைக்கும் என்றால் அது எனக்குச் சம்மதம்தான்.

ஷார்ஜாவில் கணக்கெழுதிய நாட்களில் என் அறைக்குக் கீழே ஓர் அத்தர் கடை. அங்கே வேலை பார்த்த பெரியவர் அசாமில் ஹோஜாய் பக்கம். நான் ஊருக்கே திரும்பிவிட முடிவெடுத்துக் கிளம்பிய அன்று, நகத்தளவு சிராய் ஒன்றைக் கரியில் வைத்து, சட்டையை அதன்மேல் விரித்துப் பிடிக்கச் சொன்னார். அங்கே ஊதுப்புகை காட்டிவிட்டால் விருந்தாளி கிளம்பலாம் என்று பொருள், அதற்குப் பிறகு உட்காருவதில்லை. அவர் ஏன் ஒன்றும் பேசாமல் நின்றார் என்பது எனக்கு விமானத்தில்தான் உறைத்தது. வீட்டில் அம்மா அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமல் நாலு நாள் கொடியிலேயே விட்டுவைத்தாள். கேட்டதற்கு, "இருக்கட்டும்டா" என்றாள்.

சரி, குப்பியை யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். இன்றிரவு மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுவைத்துத் தூங்குங்கள். காலையில் முகர்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.