குற்றப் பின்னணி சரிபார்ப்பு விளம்பரம்: ஓசூர் நண்பருக்கு

வணக்கம் நண்பரே. ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருகிறவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்த்துத் தருகிறீர்கள், கூகுள் மட்டும் விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப நிராகரிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தொழிலில் தப்பில்லை, வாசகத்தில்தான் சிக்கல்.

'போலீஸ் சான்றிதழ் ஒரே நாளில்' என்ற வரியை முதலில் எடுத்துவிடுங்கள். அந்தச் சரிபார்ப்பைத் தமிழ்நாடு காவல்துறை தன் இணையதளத்திலேயே நேரடியாகச் செய்து தருகிறது. அரசிடம் நேரே கிடைப்பதை இடையில் நின்று வாங்கித் தருவதாக விளம்பரம் செய்யக் கூகுள் கடுமையான கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பக்கத்தின் மேலே காவல்துறை முத்திரை மாதிரி ஒன்று போட்டிருக்கிறீர்களே, அதுவும் போகட்டும். அரசு அலுவலகம் என்று நம்பிப் பணம் கட்டிவிடுவது பாவம், வேலை தேடி வரும் பிள்ளைகள்தான்.

செய்வதை அப்படியே எழுதுங்கள்: 'பணியாளரின் ஒப்புதலுடன் முகவரி, முந்தைய வேலை, நீதிமன்றப் பதிவு சரிபார்ப்பு. தனியார் நிறுவனம்.' ஒப்புதல் படிவத்தின் மாதிரியையும் தளத்தில் வையுங்கள்.

அப்புறம் விளம்பரதாரர் சரிபார்ப்பு, அதாவது விளம்பரம் கொடுப்பவர் யார் என்று கூகுள் ஆவணம் வாங்கி உறுதிசெய்வது. நீங்கள் கொடுக்கும் ஆவணத்திலும் கூகுளில் பணம் கட்டும் கணக்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பான் அட்டையில் உங்கள் பெயர், கணக்கில் கடைப் பெயர் என்றால் அங்கேயே நின்றுவிடும்.

தளத்துக்கு வந்து போனவர்களைத் துரத்தும் ரீமார்க்கெட்டிங் வேண்டாம். குற்றப் பதிவு சார்ந்த விஷயங்களுக்கு அதை அனுமதிப்பதில்லை. கூகுளில் ஒருவர் தேடும்போது மட்டும் வரும் தேடல் விளம்பரம் போதும். எல்லாம் திருத்தியதும் இதே கணக்கிலிருந்து மேல்முறையீடு செய்யுங்கள், புதுக் கணக்கு திறக்காதீர்கள்.