டிவியை அணைத்துவிட்டால் ஐந்து பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்கு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். எனக்கு 54 வயது. வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது ஐந்து பேர் வருகிறார்கள். ஒன்று பத்து மாதக் குழந்தை, ஒரு பையனுக்கு ஒன்றே முக்கால் வயது, மூன்று வயதில் இரண்டு பேர், நாலு வயதில் ஒருத்தி. காலை எட்டரைக்கு வந்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் போவார்கள். சிங்கப்பூரில் இருக்கிற மகன் பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருக்கிறான். காலையில் போட்டால் பிள்ளைகள் கிளம்பும்வரை ஓடும். கார்ட்டூன், பாட்டு, மத்தியானம் என் சீரியல். போன வாரம் அந்த ஒன்றே முக்கால் வயதுப் பையனின் அம்மா, "அவன் இன்னும் பேசலக்கா, உங்க வீட்டு டிவிதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனசே சரியில்லை. கொல்லையில் பாசன வாய்க்கால் ஓடுகிறது. டிவி இல்லாவிட்டால், நான் அடுப்படியில் இருக்கும்போது இவர்களை எது உட்கார வைக்கும்? டிவி வைக்கலாமா, கூடாதா?

பதில்: அம்மா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து மாதக் குழந்தைக்கும் ஒன்றே முக்கால் வயதுப் பையனுக்கும் டிவி வேண்டாம். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகளுக்கு நாளைக்கு அரை மணி நேரம் போடலாம், அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பார்ப்பதாக இருந்தால். மற்ற நேரமெல்லாம் டிவி அணைந்தே இருக்கட்டும். ஆனால் நாளைக்கே அணைத்துவிடாதீர்கள். அதற்கு முன்னால் உங்கள் கொல்லை வாசலுக்கு ஒரு தடுப்புக் கதவு வேண்டும். அதை அப்புறம் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. இரண்டு வயது ஆகும்வரை டிவி, செல்போன் எதுவும் வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று அதில் இருக்கிறது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. வீட்டு மனிதர்களோடு வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே சிங்கப்பூரிலிருந்து உங்கள் மகன் கூப்பிடும்போது பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசுங்கள், தப்பே இல்லை. குழந்தை சிரித்தால் அவர் திரும்பச் சிரிக்கிறார் அல்லவா?

இதில் பலர் கவனிக்காத ஒன்று, அந்த ஒரு மணி நேரம் என்பது முழு நாளுக்குமான கணக்கு. சாயங்காலம் அவரவர் வீட்டில் பார்ப்பதும் அதில்தான் சேரும். ராத்திரி சோறு ஊட்டும்போது ஒரு மணி நேரம் ஓடுகிற வீடு என்றால், உங்கள் பங்கு அங்கேயே தீர்ந்துபோயிற்று. அதனால்தான் உங்களுக்கு அரை மணி என்றேன்.

சும்மா ஓடிக்கொண்டிருக்கிற டிவி என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். பக்கத்து ஊரில் உங்களைப் போலவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயதுக் குழந்தை ஒன்று எவர்சில்வர் தம்ளருக்குள் கரண்டியைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது. போடும், உள்ளே எட்டிப் பார்க்கும், எடுக்கும், மறுபடி போடும். டிவியில் ஏதோ சீரியல், குழந்தைக்குச் சம்பந்தமே இல்லாதது. ஆனால் விளம்பரப் பாட்டு சத்தமாக வரும்போதெல்லாம் அந்தக் கை அப்படியே நின்றுவிடும், தலை திரும்பும். பாட்டு முடிந்து மறுபடி தம்ளரைப் பார்க்கும்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அதற்கு மறந்துபோயிருக்கும். நாலாவது தடவை தம்ளரை விட்டுவிட்டுத் தவழ்ந்து போய்விட்டது. 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒன்று, இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதையேதான் பார்த்தார்கள். பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் அதை அவ்வளவாகப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் விளையாட்டு துண்டு துண்டாகிப் போயிற்று.

இன்னொரு நஷ்டம் பேச்சில். டிவி ஓடுகிற வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் பேசுவது குறைந்துவிடுகிறது. நமக்கே தெரியாமல் குறையும். கரண்ட் போன நாளை நினைத்துப் பாருங்கள். கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், பிள்ளை வந்து ஒரு தண்டை எடுக்கும். "அது தண்டுடா, இலையை எடு. பாரு, புழு இருக்கா?" என்பீர்கள். அது "புழு" என்று சொல்ல முயன்று "புயு" என்னும். "ஆமா, புழு, பச்சைப் புழு" என்பீர்கள். மொழி இப்படித்தான் வருகிறது. குழந்தை ஒன்றைக் காட்ட, நாம் அதற்குப் பேர் சொல்ல, அது திருப்பிச் சொல்ல, நாம் திருத்த. டிவிப் பெட்டி ஆயிரம் வார்த்தை பேசும், பிள்ளை விரல் நீட்டிக் காட்டுவதை மட்டும் பார்க்காது. கீரை ஆய்வதை நீங்கள் வேலை என்று நினைக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு அதுதான் பாடம்.

"நாங்களும் டிவி பார்த்துத்தானே வளர்ந்தோம்" என்று அந்தத் தாய்மாரில் யாராவது சொல்லலாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்த காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு டிவி சில மணி நேரத்துக்குத்தான் வந்தது, தெருவே ஒரு வீட்டில் கூடிப் பேசிக்கொண்டே பார்த்தது. இப்போது கைக்குழந்தைக்குக்கூட நாள் முழுக்க ஓடுகிறது. இரண்டும் ஒன்றில்லை.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனசு கஷ்டப்பட்டது புரிகிறது. டிவி மட்டுமே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றே முக்கால் வயதில் பேச்சு வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது காதை. அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்திருந்தாலே கேட்பது குறையும். முதுகுக்குப் பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? சொன்னது புரிகிறதா? முன்னால் சொன்ன வார்த்தை எதையாவது இப்போது விட்டுவிட்டானா? இதில் எது சந்தேகமாக இருந்தாலும் டிவியை அணைத்துப் பார்ப்போம் என்று மாசக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. டிவி பார்ப்பதால் ஆட்டிசம் வரும் என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது, அது சரியில்லை. ஆனால் உண்மையிலேயே ஆட்டிசம் இருக்கிற குழந்தையை "டிவியால்தான் இப்படி" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் கழித்துக் கூட்டிவருகிறார்கள். அந்த ஒரு வருஷம் திரும்பக் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்ப்பதற்கென்றே ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு. செவித்திறன் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் அங்கே வழி சொல்வார்கள், காசு வாங்க மாட்டார்கள்.

இப்போது கதவு. டிவியை அணைத்ததும் முதலில் நடக்கப்போவது, பிள்ளைகள் எழுந்து நடமாடுவது. அது நல்லதுதான், ஆனால் உங்கள் கொல்லையில் வாய்க்கால் இருக்கிறது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்தால், நேற்றுவரை காய்ந்துகிடந்த வாய்க்காலில் திடீரென்று தண்ணீர் நிற்கும். பிள்ளைக்கு அது விளையாடிய இடம். தண்ணீரில் மூழ்கிப் போகிற குழந்தைகளில் ஒன்றிலிருந்து நாலு வயதுக்காரர்கள்தான் அதிகம், பெரும்பாலும் பெரியவர்கள் சமையலிலோ வேறு வேலையிலோ இருக்கிற பகல் நேரத்தில். சத்தம்கூடக் கேட்காது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கொல்லை வாசலில் உங்கள் இடுப்புக்கு மேல் உயரம் வருகிற மாதிரி ஒரு கதவு போடச் சொல்லுங்கள். சட்டங்கள் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும், குறுக்கே வைத்தால் ஏணி மாதிரி ஏறிவிடுவார்கள். இடைவெளி நாலு விரலுக்கு மேல் வேண்டாம். தாழ்ப்பாள் கொல்லைப் பக்கம் இருக்கட்டும். தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம், அண்டா எல்லாவற்றுக்கும் கனமான மூடி போடுங்கள். செலவை நீங்கள் ஒருத்தியே ஏற்க வேண்டாம். ஐந்து வீட்டிலும் பங்கு கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உங்களுக்கு உண்மையிலேயே கஷ்டமான நேரம் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை, சமைக்கிற நேரம். உலகம் முழுக்க இதுதான் நிலைமை. 2009இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மூன்று வயது தாண்டிய பிள்ளைகள் காப்பக மையங்களில் நாளுக்குச் சராசரியாக 0.4 மணி நேரம் டிவி பார்த்தார்கள், உங்களைப் போல வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களிடம் 2.4 மணி நேரம். அதைப் படித்தபோது அந்தப் பெண்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஆள், ஒரே வீடு, அடுப்பும் பார்க்க வேண்டும், பிள்ளையும் பார்க்க வேண்டும். வேறு என்ன செய்வார்கள்?

முடிந்தால் குழம்பையாவது காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் மூன்று பேரையும் காலையில் அங்கன்வாடிக்கு அனுப்பலாம். இரண்டு வயது முடிந்தாலே அங்கே சேர்த்துக்கொள்வார்கள், பாட்டும் விளையாட்டும் உண்டு, மத்தியானச் சோறும் முட்டையும் உண்டு. தாய்மார்களிடம் பேசி, கூட்டிப்போய் விடுகிற பொறுப்பை அவர்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் அந்த இரண்டு மணி நேரமும் உங்களிடம் இரண்டு பேர்தான். ஒருவன் அடுப்படி வாசலில், உங்கள் கண்ணில் படுகிற இடத்தில், பழைய பாத்திரங்களையும் மூடிகளையும் உருட்டிக்கொண்டிருப்பான். சத்தம் காதைப் பிளக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கிருந்தே "என்னடா அது, பெரிய மூடியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் போதும். புளியங்கொட்டை, சோழி, பட்டாணி மாதிரிச் சின்னப் பொருள் மட்டும் கைக்கு எட்டக்கூடாது, தொண்டையில் சிக்கிவிடும்.

முதல் நாலைந்து நாள் அழுவார்கள், ரிமோட்டைத் தேடுவார்கள். டிவிக்கு ஒரு துணியைப் போட்டு மூடிவிடுங்கள், ரிமோட் பரணில் இருக்கட்டும். அந்த அரை மணியைத் தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள், நாலு மணிக்குப் பால் குடித்த பிறகு என்று வைத்துக்கொள்வோம். சின்னவர்கள் இருவரும் அப்போது திண்ணையில் இருக்கலாம், அம்மா ஒருத்தி சீக்கிரம் வந்தால் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு வழியில்லையா, டிவியே போடாதீர்கள், பெரிய பிள்ளைகளுக்கு அதனால் ஒரு குறையும் வராது. சாப்பிடும்போது மட்டும் எந்தப் பிள்ளைக்கும் டிவி வேண்டாம். வயிறு நிறைந்தது தெரியாமல் வாங்கிக்கொள்ளும், மெல்லாமல் விழுங்கும்.

உங்கள் சீரியலை விடச் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க ஐந்து பிள்ளைகளோடு நிற்கிற உங்களுக்கு உட்கார ஒரு மணி நேரம் வேண்டும். மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் சத்தத்தைக் குறைத்து, திரை அவர்கள் பக்கம் இல்லாமல் திருப்பி வைத்துப் பாருங்கள். அவர்கள் மூச்சுச் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும், டிவிச் சத்தம் அவர்களுக்குக் கேட்கக்கூடாது.

அந்தப் பையனின் அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவன் காது சோதனைக்குப் போகிற அன்று, மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆள் கிடைத்தால் நீங்களும் கூடப் போங்கள். எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான், என்ன வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறான், யாரோடு விளையாடுகிறான் என்று டாக்டர் கேட்பார். பகல் முழுக்க அவன் உங்களிடம்தானே இருக்கிறான், பாதிக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல முடியும்.