இன்னொருக்கால் பார்க்க வேண்டிய படங்கள்: கேள்வி பதில்

வெளிவந்த கிழமையே விமர்சகர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட, சனமும் கைவிட்ட படங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. பிழை எவ்வளவு படத்தில், எவ்வளவு பார்த்த விதத்தில் என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறேன்.

கொக்குவில்: அண்ணை, ‘தங்கலான்’ ரி.வி.யில போட்டுப் பாத்தம். பாதி வசனம் விளங்கேல்லை. விமர்சனத்திலயும் அதைத்தானே எழுதினவை. பிறகேன் நல்ல படம் எண்டுறியள்?

வெள்ளைக்காரத் துரையோடு தங்கம் தேடிப் போகிற ஊர்ச்சனத்தின் கதை இது, பா. ரஞ்சித் எடுத்தது. 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த இந்தப் படத்தில் படப்பிடிப்பிலேயே பதிந்த குரல்தான் பயன்பட்டிருக்கிறது. வட ஆற்காட்டுப் பேச்சு. அதையும் மண்ணைத் தோண்டிக்கொண்டு, மூச்சிரைக்கக் கதைக்கிறார்கள். டப்பிங் அறையில் துப்புரவாக்கிய குரலுக்குப் பழகிய காது பிடிபட இருபது நிமிடமாவது எடுக்கும். அது படத்தின் தன்மை, குறையில்லை.

மிச்சம் உங்கள் ரி.வி.யின் பிரச்சினை. 5.1 ஒலித்தடத்தில் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் ஸ்பீக்கருக்கும் பிரித்த ஒலி) வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வைக்கப்பட்டிருக்கும். ரி.வி.யில் இருப்பதோ இடமும் வலமும் மட்டும். எல்லாத் தடத்தையும் இரண்டுக்குள் அமுக்கும்போது பறையும் பின்னணி இசையும் வசனத்துக்கு மேலால் ஏறிவிடும். ஒலி மெனுவில் 5.1 என்று குறிக்காத தமிழ்த் தடம் இருந்தால் அதைத் தெரியுங்கள். ரி.வி.யில் வெளி ஸ்பீக்கர் பூட்டியிருந்தால், டிஜிற்றல் ஒலி வெளியீட்டை மெனுவில் பி.சி.எம். (PCM) என்று மாற்றுங்கள். ‘சரவுண்ட்’ என்று போலியாக விரித்துக் காட்டும் செற்றிங்கை நிற்பாட்டுங்கள். அதற்குப் பிறகும் விளங்காவிட்டால் முதல் அரை மணித்தியாலத்துக்குத் திரையின் அடியில் வசன எழுத்தை (சப்டைட்டில்) போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் பாதி குழப்பம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் படத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. தங்கலான் இரவில் பிள்ளைகளுக்கு முன்னோர் கதை சொல்கிறான். பிறகு வரும் காலத் தாவல்கள் எல்லாம் அந்தக் கதை நனவாகிற இடங்கள். விக்ரமே முன்னோராகவும் வருகிறார். மாளவிகா மோகனனின் ஆரத்தி எல்லாக் காலத்திலும் நிற்கிறாள். அவளைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவறாது. ஊர்ப் பெண்கள் வாழ்க்கையில் முதல்முறை இரவிக்கை போட்டுப் பார்க்கும் காட்சியைக் கவனியுங்கள். ஒருத்தி கையைத் தடவிப் பார்க்கிறாள், இன்னொருத்தி வெட்கப்படுகிறாள், கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஆடுகிறார்கள். தங்கம் தேடிப் போனது எதற்காக என்று அந்த ஒரு துண்டுத் துணி சொல்லிவிடுகிறது. கிராபிக்ஸ் பலவீனம்தான்; அதற்காக இந்தக் காட்சியை எடுத்தவரின் படத்தைத் தள்ளிவைக்க முடியாது.

சுண்டுக்குளி: ‘மெய்யழகன்’ பற்றி ஒராள் அழுதன் எண்டுறார், இன்னொராள் நித்திரை எண்டுறார். ரெண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பாத்தவையோ?

இல்லாமலும் இருக்கலாம். 2024 செப்ரெம்பர் 27 அன்று வந்தபோது 177 நிமிடம். நீளம் என்ற முறைப்பாட்டால் சில நாட்களிலேயே 18 நிமிடம் 42 செக்கன் குறைத்தார்கள். போடுவதற்கு முன் ஓடுநேரத்தைப் பாருங்கள்: 2 மணித்தியாலம் 57 நிமிடம் என்றால் முழுப்பிரதி, 2.38 என்றால் குறைத்தது. கிடைத்தால் முழுப்பிரதி பாருங்கள். ஊருக்குத் திரும்பி வந்த அருள்மொழி (அரவிந்த் சுவாமி) தன்னை உபசரிக்கிறவனின் (கார்த்தி) பெயர் தெரியாமல் ஓர் இரவு முழுக்க வெட்கப்பட வேண்டும். அந்த வெட்கம் முற்றுவதற்கு நேரம் வேண்டும். 1996 இல் வீட்டை விட்டுப் போனவன் சொந்த ஊரில் விருந்தாளியாக நிற்கிற நிலையை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வேலணை: ‘தீபன்’ கான் விழாவில தங்கப் பனை வாங்கினது. அதுக்கு ஏன் மதிப்புக் குறைவு எண்டு சொல்லுறியள், ஐயா?

2015 இல் விருது அறிவித்தபோதே ‘அந்த வருடத்தின் சிறந்த படம் இதில்லை’ என்று மேற்கத்தைய விமர்சகர்கள் பலர் எழுதினார்கள். கடைசிச் சண்டையும் இங்கிலாந்து முடிவும் அவர்களுக்கு ஒட்டவில்லை. முடிவு பற்றி எனக்கும் அதே கருத்துத்தான். ஆனால் முடிவை வைத்து முழுப்படத்தையும் அளந்ததில் நல்லவை எல்லாம் கணக்கில் வராமல் போயின. இருட்டுத் திரையில் சின்ன வெளிச்சங்கள் மினுங்கிக்கொண்டு கிட்ட வருகின்றன. அது என்னவென்றே தெரியாது. பக்கத்தில் வந்ததும்தான் தெரியும், பாரிஸ் தெருவில் மின்னும் விளையாட்டுச் சாமான் விற்கிற எங்கட ஆள். போராளி அகதியானதை ஒரு வசனமில்லாமல் இயக்குநர் ஜாக் ஒடியார் சொல்லிவிட்டார். தீபனாக நடித்த, உங்கள் அல்லைப்பிட்டிக்காரரான ஷோபாசக்தி குடிவெறியில் தனியே நின்று பாடுகிற இடத்தையும் விடாதீர்கள். இந்தப் படத்தைத் தமிழ் பேசும் மூலப்பிரதியில் மட்டுமே பார்க்க வேண்டும். மொழிமாற்றிய பிரதியில் படமே இல்லை: குடும்பமென்று சொல்லி அகதியாய்ப் போன மூன்று அந்நியர் தமக்குள் தமிழிலும் வெளியில் உடைந்த பிரெஞ்சிலும் பேசுவதுதான் கதை.

மானிப்பாய்: ‘குதிரைவால்’ பாக்கலாமோ? விளங்காது எண்டு பயமாக் கிடக்கு.

பாருங்கள். வங்கி ஊழியன் ஒருவன் காலையில் குதிரை வாலோடு எழும்புகிறான். கனவுக்குப் பலன் சொல்லும் கிழவி, கணக்கு வாத்தியார், சோதிடர் என்று அலைகிறான். வால் எதைக் குறிக்கிறது என்று முதல் நிமிடத்திலிருந்தே தேடினால் களைத்துவிடுவீர்கள். 2022 இல் எழுதப்பட்ட விமர்சனங்கள் பலதும் அப்படித்தான் களைத்தன. நிறங்களையும் பிரதீப் குமாரின் இசையையும் பின்தொடர்ந்து போங்கள். பின்பாதி இழுபடும்.

அச்சுவேலி: வாசிகசாலையில படம் போட்டம். பாட்டு நல்லாக் கேட்டுது, வசனம் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வந்த மாதிரி. சவுண்ட் செற்காரர் படத்தில பிழை எண்டார்.

படத்தில் பிழையில்லை, வயரில் பிழை. மடிக்கணினியின் காதுக்கருவித் துளையிலிருந்து ஸ்டீரியோ வயர் ஒன்றை மிக்சரின் ஒரே வாய்க்குள் செருகியிருப்பார்கள். அந்த வாய் இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்துவிடும். வசனம் இடம், வலம் இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிபட்டுப் போகும். இரண்டிலும் வேறுபடுகிற இசையும் எதிரொலியும் மிஞ்சும். வசனம் முக்கியமான படம் ஒன்று ‘மோசமான படம்’ என்று பெயர் வாங்க இது ஒன்றே போதும்.

தேவையான வயர்: ஒரு பக்கம் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மற்றப் பக்கம் இரண்டு 6.35 மி.மீ. மோனோ ஜாக். இரண்டையும் மிக்சரின் இரண்டு வாய்களில் தனித்தனியே செருகுங்கள். கோயில் திருவிழாப் பழக்கத்தில் ஏற்றி வைத்திருக்கும் பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். எக்கோ, றிவேர்ப் இரண்டும் பூச்சியம். ஸ்பீக்கர்கள் திரையின் இரு பக்கமும், இருக்கிறவர்களின் தலைக்குச் சற்று மேலே வரட்டும். சனம் வருமுன் ஆள் கதைக்கிற காட்சி ஒன்றைப் போட்டு, கடைசி வரிசைக் கதிரையில் இருந்து கேளுங்கள். பாட்டை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை பிடிபடாது.

இன்னொன்று: வீட்டுக்கு எடுத்த நெற்ஃபிளிக்ஸ் கணக்கு வீட்டுப் பாவனைக்கு மட்டும். ஊருக்குக் காட்டுவதென்றால் படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

நல்லூர்: அப்ப விமர்சகர் எல்லாரும் பிழையோ?

அப்படிச் சொல்லவில்லை. ‘ஜகமே தந்திரம்’ 2021 இல் வந்தபோது, ஈழ அகதிகளின் வலி ரௌடி நாயகன் மனம் மாறுவதற்கான சாட்டாக நிற்கிறது என்று எழுதியவர்கள் சரியாகவே எழுதினார்கள். எங்களைப் பற்றியது என்பதற்காக மதிப்பெண் கூட்டத் தேவையில்லை. மாறாக, ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது, பின்பாதிச் சோழர் பேசும் பழந்தமிழ் விளங்கவில்லை, கொடூரம் அதிகம் என்றார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம்தான். ஒளிந்து வாழும் சனத்தை இராணுவம் சுற்றிவளைக்கிற காட்சிகளை இங்கிருந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தமிழ் நன்றாகவே விளங்கியது.

அச்சுவேலி: இன்னொண்டு. அடுத்தது முற்றத்தில ‘தங்கலான்’ போடலாம் எண்டு இருக்கிறம். எங்களிட்ட 3000 லூமென் புரொஜெக்டர். எவ்வளவு பெரிய திரை கட்டலாம்?

12 அடி அகலத்துக்கு மேல் போகாதீர்கள். அகலத்திரைப் படம் அதில் ஏறக்குறைய 5 அடி உயரத்துக்கு விழும். மேலும் கீழும் கறுப்பாக இருப்பது சரியானதே. படத்தை நிரப்புகிறேன் என்று ‘சூம்’ செற்றிங்கை அமத்தினால் இரு கரையிலும் நிற்கிறவர்கள் வெட்டுப்படுவார்கள். வெள்ளைச் சீலைக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் ஊடே போய் நிறம் வெளிறும். இந்தப் படத்தில் இரவுக் காட்சி நிறைய. தெருவிளக்குத் திரையில் படாத பக்கமாகப் பார்த்துக் கட்டி, 7.15 க்கு முன் தொடங்காதீர்கள். சோளகம் வீசுகிற மாதமென்றால் அடியில் ஒரு பைப்பைக் கோர்த்து, இரு கரையையும் அடிக்கொரு கயிறாக இழுத்துக் கட்டுங்கள்.