டேகேர் பணத்தை ஏன் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறோம்?

கேட்ட கேள்வி: நாடு வளர்கிறது, விலைவாசி இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீடுகளில் மட்டும் ஏன் மாதம் தவறாமல் துண்டு விழுகிறது?

நான் சென்னையில் மேடவாக்கம் பக்கம் இருக்கிறேன். துரைப்பாக்கத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்கு ஒரகடத்தில், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று. இரண்டு பேரையும் ஒரே டேகேரில்தான் விட்டோம், அதனால் கட்டணம் எப்படி ஏறியது என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். 2019-ல் மகளைச் சேர்த்தபோது மாதம் 6,500 ரூபாய். 2024-ல் மகனைச் சேர்த்தபோது 11,500. 2025 அக்டோபர் கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள், நவம்பரிலிருந்து 13,500 என்று. 17 சதவீதத்துக்கும் மேல்.

அதே அக்டோபர் மாதத்துக்கு நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதாவது நாம் வாங்கும் சாமான்களின் விலை ஒரு வருடத்தில் ஏறிய அளவு, 0.25 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. அந்தக் கணக்கு வரிசை தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைவாக வந்ததே இல்லை என்று டிவியில் பேசினார்கள். நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், எண்ணைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று பார்த்தால் விஷயம் புரியும். குடும்பங்கள் எதெதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்று பிரித்து, 2012-ம் ஆண்டை அடிப்படையாக வைத்துப் போட்ட கூடை அது. அதில் சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் கிட்டத்தட்ட 46 சதவீத இடம். கல்விக்கு 4.46 தான். காய்கறியும் பருப்பும் முந்தைய வருடத்தைவிட நன்றாக இறங்கியிருந்தன, அதனால் மொத்தமும் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் காய்கறிச் செலவு குறைந்தது உண்மைதான். ஆனால் எங்கள் செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

வீட்டு நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். மகனுக்கு டேகேர் 13,500. மகள் பள்ளி விட்டு வந்து அங்கேயே சாயங்காலம் வரை இருக்க 5,000. பள்ளி வேனுக்கு 2,200. பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 48,000, மாதத்துக்குப் பிரித்தால் 4,000. மொத்தம் 24,700. என் கைக்கு வரும் சம்பளம் 38,000, அவருக்கு 45,000. இரண்டு பேர் வருமானத்தையும் சேர்த்தாலும் கிட்டத்தட்ட 30 சதவீதம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் படிக்கவைக்கவும் மட்டுமே போகிறது. மருந்து, துணிமணி, பால் எதுவும் இதில் இல்லை. இதற்கு மேல் வாடகை, அவருடைய அப்பாவுக்கு மாத்திரை, வண்டித் தவணை.

அரசுப் பள்ளியில் போடலாமே என்று கேட்பீர்கள். நாங்களும் யோசித்தோம். 2025-ல் மத்திய அரசு எடுத்த கல்விச் செலவு ஆய்வில், அரசுப் பள்ளி மாணவருக்கு ஒரு குடும்பம் வருடத்துக்குச் சராசரியாக 2,863 ரூபாய் செலவழிக்கிறது, தனியார் பள்ளியில் 25,002. இந்த வித்தியாசம் தெரிந்தும் எங்களைத் தடுத்தது படிப்பு இல்லை. பள்ளி விட்ட பிறகு பிள்ளையை யார் கூட்டிவருவது, ஏழு மணி வரை யாரிடம் விடுவது என்பதுதான். வேன் வைத்து டேகேர் வாசலில் இறக்கிவிடும் பள்ளியைத்தான் எங்களால் எடுக்க முடிந்தது. நாங்கள் பள்ளிக்குக் கொடுப்பதாக நினைக்கும் பணத்தில் பாதி, அந்த நாலு மணி நேரத்துக்காகக் கொடுக்கும் பணம்.

சரி, டேகேர்காரர்கள் கொள்ளையடிக்கிறார்களா? நானும் முதலில் கோபத்தில் அப்படித்தான் நினைத்தேன். கட்டண உயர்வைப் பற்றிக் கேட்கப் போனபோது நடத்துகிற அம்மா கணக்கைக் காட்டினார். தனக்குப் பிள்ளை பிறந்தபோது வேலையை விட்டவர் அவர். 2019-ல் அந்த வீட்டுக்கு வாடகை 30,000, இப்போது 65,000. மின்சாரத்துக்கு வணிகக் கட்டணம். அதற்கப்புறம் ஆயாக்கள் சம்பளம். இந்தத் தொழிலில் மிச்சம் பிடிக்க வழியே கிடையாது. துணி துவைக்க மிஷின் வந்துவிட்டது, மாவாட்ட மிஷின் வந்துவிட்டது, ஒன்றரை வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட இன்னமும் ஒரு மடியும் முக்கால் மணி நேரமும் வேண்டும். ஒருவர் நாலு கைக்குழந்தைகளைப் பார்க்கலாம், எட்டு கொடுத்தால் ஒன்று கீழே விழும். மற்ற தொழிலில் எல்லாம் ஒரு ஆள் செய்யும் வேலை வருடா வருடம் கூடும், இங்கே கூடாது. வாடகையும் அரிசி விலையும் மட்டும் மற்றவர்களுக்கு ஏறுவது போலவே இவர்களுக்கும் ஏறும்.

அந்த ஆயாக்களுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்தால் மனசு இன்னும் கனக்கும். போன வருடம் மழை நாளில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கரணையில் தண்ணீர் நின்று பேருந்து நகரவே இல்லை. ஆறே முக்காலுக்கு மேல் ஒவ்வொரு கால்மணிக்கும் 100 ரூபாய் அபராதம். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு நாற்பது. எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டிருந்தார்கள். வாசல் படியில் என் மகன் ஷூ போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆயாவின் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மகள் உள்ளே பெஞ்சில் தூங்கியிருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா, தண்ணி நின்னுடுச்சு."

"பரவாயில்ல மேடம், தம்பிக்கு நாலு பிஸ்கட் குடுத்தேன். பாப்பாதான் அம்மா அம்மான்னு கேட்டுட்டே படுத்துச்சு."

அவர் கையில் இருந்த போன் அடித்தது. அவருடைய மகள், எட்டாம் வகுப்பு. சின்னவனுக்கு என்ன கொடுக்க என்று கேட்க மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறாளாம். சின்னவனுக்கு நாலு வயது, அங்கன்வாடி முடிந்ததும் அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். நான் கட்டிய 400 ரூபாயில் அந்த ஆயா அக்காவுக்கு ஒரு ரூபாயும் போகாது. அவர் சம்பளம் மாதம் 9,500. அதாவது என் மகனுக்கு நான் கட்டுவதைவிட, அவனையும் இன்னும் சில பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் கிடைப்பது குறைவு. கட்ட என்னால் முடியவில்லை, வாங்க அவருக்குப் போதவில்லை.

இப்போது தலைப்பில் கேட்டதற்கு வருகிறேன். போன வருடம் கோவில்பட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தபோது சித்தி எல்லார் முன்னாலும் கேட்டார், "ஏம்மா, உன் சம்பளம் டேகேருக்கே சரியாப் போகுதாமே, அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்?" எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் என் நோட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் 38,000-க்குக் கீழே 24,700-ஐ எழுதி, கழித்து, மீதி 13,300 என்று நானே கோடு போட்டிருந்தேன். வீட்டு வாடகையை யாரும் ஒருவர் சம்பளத்தில் மட்டும் கழிப்பதில்லை. வண்டித் தவணையையும் கழிப்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவை மட்டும் அம்மாவின் பெயருக்கு நேராக எழுதுகிறோம், பிறகு இந்த 13,300-க்காகவா வேலைக்குப் போகிறாய் என்று அவளிடமே கேட்கிறோம்.

அன்றிரவு கணவரிடம் நோட்டைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் புதுப் பக்கம் திருப்பி 83,000 என்று எழுதி, அதற்குக் கீழே 24,700-ஐக் கழித்தார். அந்தப் பக்கத்தைத்தான் இப்போது தொடர்கிறோம். செலவு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் நான் வேலையை விடலாமா என்ற பேச்சு அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எழவில்லை. பிள்ளைகள் ஐந்து வருடத்தில் பெரிதாகிவிடுவார்கள், நான் விட்ட ஐந்து வருட இன்கிரிமென்ட்டும் பிஎஃபும் திரும்ப வராது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் 2021-ல் விட்டார். 2025-ல் திரும்ப வேலை தேடியபோது அவர் விட்டுப்போன சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் எல்லா இடத்திலும் பேசினார்கள்.

2024-ல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில், வீட்டில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள் அதற்காக நாளுக்கு 140 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 74 நிமிடம். சமையலும் வீட்டு வேலையும் இதில் சேராது. இந்த நிமிடங்களுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதனால் நாட்டின் உற்பத்திக் கணக்கில் இது வராது. 2022-ல் பிரிட்டனைத் தாண்டி ஐந்தாவது பெரிய பொருளாதாரம் ஆனோம் என்றபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது மகன் வயிற்றில் இருந்தான். அவன் பிறந்தபிறகு பதினைந்து மாதம் அம்மா எங்களோடு வந்து இருந்தார், முழங்கால் வலியோடு மூன்றாவது மாடி ஏறி இறங்கிக்கொண்டு. ஊரில் அப்பா ஒரு வேளை மெஸ் சாப்பாடு, ஒரு வேளை பழைய சோறு என்று ஓட்டினார். அந்தப் பதினைந்து மாதத்தில் எங்களுக்கு மிச்சமான டேகேர் பணம் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதைக் கொடுத்தது என் அம்மாவின் முழங்காலும் அப்பாவின் தனிமையும். பாட்டி வர முடியாத வீடுகள் என்ன செய்யும்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் டயாபருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம் ஆனது, ராத்திரிக்கு மட்டும் போடுவதால் 560 ரூபாய் ஆன இடத்தில் எனக்கு 525 ஆனது. நோட்டுக்கும் பென்சிலுக்கும் வரி போய்விட்டது. மகளிர் இலவசப் பேருந்தால் மாதம் நல்ல தொகை மிச்சம். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்கிறார்கள், எங்கள் சம்பளத்துக்கு முன்பும் பெரிதாக வரி கிடையாது. எல்லாம் வந்தவரை நல்லது. ஆனால் 13,500 இருக்கும் இடத்துக்கு ஒன்றும் வரவில்லை.

வரவேண்டிய வழி சட்டத்தில் இருக்கிறது. மகப்பேறு நலச் சட்டத்தை 2017-ல் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். எங்கள் அலுவலகத்தில் 300 பேர் இருக்கிறோம். காப்பகம் எங்கே என்று கேட்டால், சோழிங்கநல்லூரில் ஒரு டேகேரோடு ஒப்பந்தம் இருக்கிறது, கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். மேடவாக்கத்திலிருந்து மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், பிறகு துரைப்பாக்கம் வந்து, நாலு முறை எப்படிப் பார்ப்பது? முதலாளிகள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. பெரும்பாலும் விடுப்புச் சம்பளமும் காப்பகச் செலவும் முழுக்க அவர்கள் தலையில்தான், அதனால்தான் நேர்முகத் தேர்வில் கல்யாணம் ஆகி எத்தனை மாதம் என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021-லிருந்து ஒரு வருடம் மகப்பேறு விடுப்பு. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 730 நாள் விடுப்பு உண்டு. எனக்கு 26 வாரம். அந்த ஆயா அக்காவுக்கு ஒரு நாளும் கிடையாது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டுமானால் ஊருக்குள்ளேயே இருக்கும் அங்கன்வாடியைத்தான் சாயங்காலம் வரை திறக்கவேண்டும் என்பது என் கருத்து. நாடு முழுக்கச் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் பால்னா திட்டத்துக்கு வைத்த இலக்கு 17,000. கட்டடம் இருக்கிறது, சத்துமாவு இருக்கிறது, பிள்ளையைத் தெரிந்த ஊழியர் இருக்கிறார், அவருக்கு முறையான சம்பளம் கொடுத்து நேரத்தை நீட்டவேண்டும். பணம் எங்கே என்பார்கள். 1982-ல் சத்துணவை விரிவாக்கியபோதும் அதைத்தான் கேட்டார்கள், இன்றைக்குக் காலை உணவும் சேர்ந்து நடக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-லேயே நாளுக்கு 5 டாலருக்குக் குழந்தைப் பராமரிப்பைக் கொடுத்தது, வேலைக்குப் போகும் தாய்மார் எண்ணிக்கை அங்கே ஏறியது.

வரும் ஜூனில் மகனுக்கு எல்கேஜி. சேர்க்கைக்குக் கட்ட 35,000 வேண்டும் என்பதால் இரண்டு லட்சம் ஏலச்சீட்டை 30,000 கழிவு விட்டு முன்னாலேயே எடுத்துவிட்டோம். அலுவலகத்தில் பிள்ளை இருக்கும் பதினொரு பேர், அப்பாக்கள் நாலு பேர் உட்பட, இரண்டாம் மாடியில் காலியாகக் கிடக்கும் ஃபைல் அறையைக் காப்பகமாக்கித் தரும்படி சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு மனு எழுதி, கையெழுத்துப் போட்டு ஹெச்ஆரிடம் கொடுத்திருக்கிறோம். "பார்க்கிறோம்" என்றார்கள். மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது, உங்கள் அலுவலகத்துக்கு வேண்டுமானால் கருத்தில் கேளுங்கள், அனுப்புகிறேன்.