ஒரே கணினியில் இரண்டு டெபியன்: திரையமைப்பைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: என் மேசைக்கணினியில் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12, 13 ஆகிய இரண்டு பதிப்புகளையும் நிறுவி, தொடக்கத் திரையில் வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துகிறேன். இரண்டிலும் மேசைத்தளம் கேடிஇ பிளாஸ்மாதான். கோப்புகளை இரண்டு இடங்களில் வைப்பானேன் என்று பயனர் கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதியான ‘ஹோம்’ பார்ட்டிஷனைப் பொதுவாக்கினேன். இப்போது 13இல் பணிப்பட்டையை மாற்றினால் 12இல் அது குலைந்துபோகிறது. திரையில் வைத்திருக்கும் சிறு செயலிகளான விட்ஜெட்டுகளில் சில வேலை செய்வதே இல்லை. துணைப்பாட வகுப்புக்கான பயிற்சித்தாள்களும் குடும்பப் படங்களும் இரண்டிலும் கிடைக்க வேண்டும். திரையமைப்பு மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். வழி உண்டா?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: உண்டு, அதற்காக வட்டை மறுபடியும் பிரிக்கவோ, எதையும் புதிதாக நிறுவவோ வேண்டியதில்லை. டெபியன் 12இல் இருப்பது பிளாஸ்மா 5.27, டெபியன் 13இல் இருப்பது 6.3. இரண்டும் தங்கள் அமைப்புகளை உங்கள் பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘.கான்ஃபிக்’ (.config), ‘.லோக்கல்’ (.local) ஆகிய கோப்புறைகளில், பெரும்பாலும் அதே பெயருள்ள கோப்புகளில்தான் எழுதுகின்றன. புதிய பதிப்பு பழைய அமைப்புகளைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும். ஆனால் பழைய பதிப்புக்குப் புதியதன் எழுத்தைப் படித்துத் திருப்பி மாற்றத் தெரியாது. விட்ஜெட்டுகளின் நிலையும் இதுவே: ஐந்துக்காக எழுதப்பட்டது ஆறில் ஓடாது, ஆறுக்காக எழுதப்பட்டது ஐந்தில் ஓடாது.

ஆகவே பொதுவாக இருக்க வேண்டியவை ஆவணங்களே தவிர, பயனர் கோப்புறை அன்று. இரண்டிலும் ஒரே பயனர்பெயரை வைத்துக்கொண்டு, டெபியன் 13இல் மட்டும் பயனர் கோப்புறையின் இடத்தை மாற்றிவிடுங்கள். முதலில் முக்கியமான கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டெபியன் 13ஐத் தொடங்கி, வழக்கம்போல் உள்நுழையாமல், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் ‘ரூட்’ (root) என்ற நிர்வாகிப் பயனராக நுழையுங்கள். ‘ஹோம்’ பார்ட்டிஷனுக்குள், உங்கள் பெயருடன் 13 என்று சேர்த்து ஒரு கோப்புறையை உருவாக்கி, ‘சௌன்’ (chown) கட்டளையால் அதன் உரிமையை உங்கள் பயனர்பெயருக்கு மாற்றுங்கள். அதன்பின் ‘யூசர்மாட்’ (usermod) கட்டளையைச் சிறிய ‘டி’ (-d) தெரிவுடன் கொடுத்து, அந்தக் கோப்புறையை உங்கள் பயனர் கோப்புறையாக அறிவியுங்கள். இந்தக் கட்டளையை விளக்கும் பல குறிப்புகளில் ‘எம்’ (-m) தெரிவும் சேர்ந்தே வரும்; இங்கே அதைச் சேர்க்கவே கூடாது. பழைய கோப்புறையில் உள்ளவற்றை எல்லாம் புதிய இடத்துக்கு நகர்த்துவதற்கான தெரிவு அது. அப்படி நகர்ந்துவிட்டால், டெபியன் 12இல் நுழையும்போது உங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இனி டெபியன் 13இல் உள்நுழைந்தால் பிளாஸ்மா புத்தம் புதிதாகத் தோன்றும். அங்கே தானாக உருவாகியிருக்கும் ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் ஆகிய வெற்றுக் கோப்புறைகளை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் பழைய கோப்புறைகளைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளை வையுங்கள். புள்ளியில் தொடங்கும் எதையும் இப்படி இணைக்காதீர்கள். இணைத்தால் பழைய சிக்கல் கொல்லை வழியாகத் திரும்பி வரும். தமிழ்த் தட்டச்சுக்கு எஃப்சிஐடிஎக்ஸ்5 பயன்படுத்தினால், அதன் அமைப்புக் கோப்புறையை ஒரே ஒருமுறை நகலெடுத்துக்கொண்டால் போதும்.

இரண்டு டெபியன்களிலும் உங்கள் பயனர் எண் ஒன்றாக இருக்க வேண்டும். நிறுவும்போது உருவாக்கிய முதல் பயனர் என்றால் அது இரண்டிலும் பெரும்பாலும் 1000ஆகவே இருக்கும். உரிமையாளர் யார் என்பதை லினக்ஸ் எண்ணைக்கொண்டே முடிவுசெய்வதால், எண் வேறுபட்டால் உங்கள் பயிற்சித்தாளையே உங்களால் திருத்த முடியாமல் போகும்.

அமைப்புக் கோப்புறையை மட்டும் சூழல் மாறி ஒன்றின் வழியாக வேறிடத்துக்குத் திருப்பிவிடும் வழியும் உண்டு. கட்டளைகளை இயக்கும் பாஷ், வேறு கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் போன்றவை அதைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அது அரைகுறைத் தீர்வு என்பதே என் கருத்து.

டெபியன் 12இல் ஏற்கெனவே குலைந்துவிட்ட பணிப்பட்டைக்கு, ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘பிளாஸ்மா’ (plasma) என்று தொடங்கி ‘ஆப்லெட்ஸ்ஆர்சி’ (appletsrc) என்று முடியும் கோப்பை, மேசைத்தளத்துக்குள் நுழையாமல் எழுத்துத் திரையிலிருந்தே வேறு பெயருக்கு மாற்றிவிட்டு உள்நுழையுங்கள். இயல்பான பணிப்பட்டை திரும்பிவிடும். நீங்கள் செய்திருந்த ஒழுங்கை மட்டும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: நானும் இரண்டு டெபியன்களுக்கு ஒரே ‘ஹோம்’ வைத்திருக்கிறேன். அரிதாகத் திறக்கும் பழையதில் ஃபயர்பாக்ஸ், பழைய பதிப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்று சொல்லிப் புதிய சுயவிவரம் உருவாக்கச் சொல்கிறது. புத்தகக்குறிகள் போய்விட்டனவா?
– ஒரு வாசகர், ஈசூன்

பதில்: போகவில்லை. புதிய பதிப்பில் பயன்படுத்திய சுயவிவரத்தைப் பழைய பதிப்பு தொட்டுக் கெடுத்துவிடாதபடி, 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் ஃபயர்பாக்ஸ் இப்படித் தடுக்கிறது. புதிய சுயவிவரத்தை உருவாக்காமல் வெளியேறி, அந்த டெபியனில் நிலுவையில் உள்ள புதுப்பிப்புகளை நிறுவுங்கள். இரண்டிலும் ஃபயர்பாக்ஸின் பதிப்பு ஒன்றானதும் பழைய சுயவிவரம் திறந்துவிடும். மேலே சொன்னபடி கோப்புறைகளைப் பிரித்துவிட்டால், புத்தகக்குறிகளை ஃபயர்பாக்ஸின் ஒத்திசைவுக் கணக்கு வழியாக இரண்டிலும் பெறலாம்.